போஸ்னிய மொழி பேசும் குழந்தைகள் வாசிக்கக் கற்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிறு குழந்தைகளின் வாசிப்பைப் பற்றி எங்கே பேசினாலும் நான் போஸ்னியாவை ஒரு தடவையாவது பேச்சுக்குள் கொண்டுவந்துவிடுவேன். எழுத்துக்கும் ஒலிக்கும் அவ்வளவு நேரான உறவு உள்ள மொழிகள் குறைவு. அங்கே ஒரு குழந்தை வாசிக்கப் பழகுவதைக் கவனித்தால், வாசிப்பில் எழுத்துக்கு எவ்வளவு பங்கு, மற்றவற்றுக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துப் பார்க்க முடிகிறது. பேச்சு முடிந்ததும் வருகிற சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன, அதனால் எல்லாவற்றையும் இங்கே சேர்த்து எழுதிவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன். போஸ்னியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் முடிந்த அளவு ஒலிக்கு நெருக்கமாகத் தந்திருக்கிறேன்.

போஸ்னிய மொழின்னு தனியா ஒண்ணு இருக்கா? அது செர்பிய மொழிதானே?

இருக்கிறது. போஸ்னியா-ஹெர்செகோவினா நாட்டில் போஸ்னியம், குரோவாசியம், செர்பியம் மூன்றும் ஆட்சி மொழிகள். 2013 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சுமார் 35 லட்சம் பேரில் 53 சதவீதம் பேர் தங்கள் தாய்மொழி போஸ்னியம் என்று பதிந்தார்கள். மூன்று மொழிக்காரர்களும் பேசினால் ஒருவருக்கொருவர் நன்றாகவே புரியும். சில சொற்களும் சில ஒலிகளும் மாறும், ஆனால் பெயர் அவர்களுக்கு மிக முக்கியம், அதை மதிப்பதுதான் முறை.

இதை முதலிலேயே சொல்ல ஒரு காரணம் உண்டு. 1970களிலும் 80களிலும், போஸ்னியாவும் அப்போது அடங்கியிருந்த யுகோஸ்லாவியாவில் நடந்த நல்ல வாசிப்பு ஆய்வுகள் பலவும் 'செர்போ-குரோவாசியம்' என்ற பழைய பெயரில்தான் இருக்கின்றன. எழுத்துமுறையின் அடிப்படை ஒன்றே என்பதால் அவை போஸ்னியக் குழந்தைகளைப் புரிந்துகொள்ளவும் உதவும்.

மொத்தம் எத்தனை எழுத்து? என்ன எழுத்துல எழுதுறாங்க?

30 எழுத்துகள்: உயிர் 5, மெய் 25. லத்தீன், சிரிலிக் என்று இரண்டு எழுத்துமுறைகள், இரண்டிலும் அதே 30 ஒலிகள். போஸ்னியம் அன்றாடம் பெரும்பாலும் லத்தீனில்தான் எழுதப்படுகிறது. ச, ஸ, ஜ போன்ற ஒலிகளின் வகைகளைப் பிரிக்க எழுத்தின் தலையில் சிறு கொக்கியோ சாய்கோடோ போடுவார்கள். 'ஞ', 'ல்ய', அழுத்தமான 'ஜ' ஆகிய மூன்றுக்கு மட்டும் லத்தீனில் இரண்டு வடிவங்களைச் சேர்த்து எழுதுவார்கள், ஆனாலும் ஒவ்வொன்றும் ஓர் எழுத்தாகவே கணக்கு.

இந்த ஒழுங்கு தானாக வந்ததில்லை. செர்பிய மொழியறிஞர் வுக் கராஜிச் 1818இல் வெளியிட்ட அகராதியில் சிரிலிக்கை ஒரு ஒலிக்கு ஓர் எழுத்து என்று சீர்திருத்தினார். 1830இல் குரோவாசியர் லியுதெவித் காய் லத்தீன் எழுத்துக்கு அதே வழியைக் காட்டினார். 'பேசுகிறபடி எழுது, எழுதியிருக்கிறபடி படி' என்பது அந்தப் பகுதியில் எல்லாப் பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த வாசகம். ஒட்டோமான் ஆட்சிக் காலத்தில் அரபு எழுத்தில் போஸ்னியம் எழுதும் 'அரெபிட்சா' என்ற முறையும் இருந்தது. அது தனிக்கதை.

எத்தனை வயசுல பள்ளிக்கூடம்? எப்போ எழுத்து சொல்லித்தர்றாங்க?

ஆறு வயதில் முதல் வகுப்பு. 2003இல் வந்த சட்டத்துக்குப் பிறகு எட்டு ஆண்டுத் தொடக்கப்பள்ளி ஒன்பது ஆண்டாக மாறியது. ஒவ்வொரு பகுதியும் வெவ்வேறு ஆண்டில் மாறியது, ஏனென்றால் அந்த நாட்டில் கல்வி ஒரே இடத்தின் கையில் இல்லை. நாட்டின் ஒரு பாதியான கூட்டமைப்புப் பகுதியில் இருக்கும் 10 கன்டோன்களும் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவுகள்), மறு பாதியான செர்ப்ஸ்கா குடியரசும், தனியாக இருக்கும் பிர்ச்கோ மாவட்டமும் தங்கள் தங்கள் பாடத்திட்டத்தை வைத்திருக்கின்றன. அதனால் 'போஸ்னியாவில் இந்த மாதத்தில் இந்த எழுத்து' என்று யாராவது சொன்னால், எந்தப் பகுதியில் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பொதுவான ஓட்டம் இப்படி இருக்கும். முதல் வகுப்பில் விளையாட்டு, கதை, ஒலிகளைக் காதால் பிரித்தல், கை பழகக் கோடு போடுதல், அதோடு அச்செழுத்து அறிமுகம். இரண்டாம் வகுப்புக்குள் அச்செழுத்து முழுதாகக் கைக்கு வந்து கூட்டெழுத்து தொடங்கும். லத்தீனில் தொடங்கிய பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் மூன்றாம் வகுப்பில் சிரிலிக் வரும். செர்ப்ஸ்கா குடியரசில் வரிசை தலைகீழ், சிரிலிக் முதலில், லத்தீன் பிறகு.

வகுப்புல எப்படிச் சொல்லிக்கொடுக்கிறாங்க? ஏ பி சி டி மாதிரி மனப்பாடமா?

இல்லை. எழுத்தின் பெயரைவிட ஒலிதான் முதலில். இதை அங்கே பகுப்பு-தொகுப்பு முறை என்பார்கள். ஆசிரியை ஒரு படத்தைக் காட்டிப் பேசவைப்பார், பேச்சிலிருந்து ஒரு வாக்கியம், வாக்கியத்திலிருந்து ஒரு சொல், சொல்லிலிருந்து அசை, அசையிலிருந்து ஒலி. அந்த ஒலி சொல்லின் தொடக்கத்திலா, நடுவிலா, கடைசியிலா என்று காதால் தேடவைத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் 'இந்த ஒலிக்கு இதுதான் உடை' என்பதுபோல எழுத்தைக் காட்டுவார். இறங்கி வந்த வழியிலேயே மறுபடி ஏறி, ஒலிகளைச் சேர்த்து அசை, அசைகளைச் சேர்த்துச் சொல். 'புக்வார்' அல்லது 'போச்செத்னிட்சா' என்று சொல்லப்படும் முதல் வாசிப்புப் புத்தகம் இந்த வரிசையில்தான் நடக்கும். அது முடிந்ததும் 'சித்தான்கா' என்ற பாடத் தொகுப்பு வரும்.

ஒரு சின்ன நுணுக்கம், ஆனால் பெரிய வித்தியாசம். நீட்டிச் சொல்லக்கூடிய ஒலிகளை நீட்டியே சேர்க்கப் பழக்குவார்கள்: 'ம்ம்ம்ஆஆ' என்று இழுத்தால் 'மா' தானாகக் கிடைக்கும். வெட்டிவெட்டி 'மெ - ஆ - மெ - ஆ' என்று சொன்ன குழந்தைக்கு அதிலிருந்து 'மாமா' (அங்கே அதற்கு அம்மா என்று பொருள்) கேட்பதே இல்லை. வீட்டில் அவசரப்பட்டு எழுத்துப் பெயர்களை மட்டும் சொல்லிக்கொடுக்கும் பெற்றோர் இந்தச் சிக்கலைத் தெரியாமலே உண்டாக்குகிறார்கள்.

வெறும் 30 எழுத்துதானே! நம்ம 247க்கு முன்னாடி அது ஒரு மாச வேலைதானே?

எழுத்துகளை அடையாளம் காண்பது சீக்கிரம் முடியும், அது உண்மை. ஆனால் நம் எழுத்து அசையைக் காட்டுகிறது, அவர்கள் எழுத்து தனி ஒலியைக் காட்டுகிறது. தமிழ்க் குழந்தைக்கு 'ம' என்பது தயாராகவே சேர்ந்து வந்த ஒரு துண்டு. போஸ்னியக் குழந்தை ஒவ்வொரு தடவையும் மெய்யையும் உயிரையும் தானே ஒட்டவைக்க வேண்டும். அதோடு அந்த மொழியில் மெய்கள் கூட்டமாக வரும். 'ஸ்த்வார்' என்றால் பொருள், பண்டம். விரலுக்கு 'ப்ர்ஸ்த்', இரத்தத்துக்கு 'க்ர்வ்', சதுக்கத்துக்கு 'த்ர்க்'. இந்தக் கடைசி மூன்றில் உயிரெழுத்தே கிடையாது, நடுவில் இருக்கும் 'ர்' தான் உயிரின் வேலையைச் செய்கிறது. ஆறு வயதில் 'ப்ர்ஸ்த்' என்ற நான்கு எழுத்தை ஒரே மூச்சில் சேர்ப்பது சாதாரண வேலை இல்லை. தொடக்கப் பாடங்களில் 'மாமா', 'லாமா' போன்ற திறந்த அசைச் சொற்களே வருவதற்கு இதுதான் காரணம்.

ஆங்கிலம் படிக்கிற குழந்தையைவிட சீக்கிரம் வாசிச்சிடுவாங்களா?

சொற்களைத் தப்பில்லாமல் உச்சரிப்பதில், ஆமாம், நிறையவே சீக்கிரம். 2003இல் பிலிப் சீமோரும் அவரோடு சேர்ந்தவர்களும் 13 ஐரோப்பிய மொழிகளில் முதல் வகுப்புக் குழந்தைகளை ஒப்பிட்டார்கள். ஃபின்னியம், கிரேக்கம், ஜெர்மன், இத்தாலியம், ஸ்பானியம் போன்றவற்றில் பழக்கமான சொற்களை 95 சதவீதத்துக்குக் குறையாமல் சரியாகப் படித்தார்கள். ஆங்கிலத்தில், ஸ்காட்லாந்துக் குழந்தைகள், ஏறக்குறைய 34 சதவீதம். அவர்கள் திறமை குறைந்தவர்கள் இல்லை, ஆங்கில எழுத்து அப்படி. போஸ்னியம் அந்த 13இல் ஒன்றல்ல, ஆனால் எழுத்து-ஒலி நேர்மையில் அது ஃபின்னியத்தின் பக்கத்தில் உட்கார வேண்டிய மொழி. முதல் சில எழுத்துகளைச் சேர்க்கும் சூட்சுமம் பிடிபட்டுவிட்டால், தான் அதுவரை பார்த்தே இராத சொல்லைக்கூட குழந்தை சரியாகச் சொல்லிவிடும்.

ஆனால் வேகம், புரிதல் இரண்டும் வேறு கணக்கு.

என் தோழியோட பையன் சரயேவோல ரெண்டாம் வகுப்பு. ஒரு தப்பில்லாம படிக்கிறான், ஆனா ரொம்ப மெதுவா. தப்பில்லேன்னா பிரச்சினை இல்லதானே?

இந்தக் கேள்விக்காகத்தான் நான் இந்தப் பக்கத்தையே எழுத உட்கார்ந்தேன் என்று சொல்லலாம். தப்பில்லாமல் படிப்பதை வைத்து ஒரு போஸ்னியக் குழந்தையின் வாசிப்பு நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டவே கூடாது. எழுத்து அவ்வளவு நேராக இருக்கும்போது, திணறும் குழந்தையும் ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிக் கூட்டி, நெற்றி வியர்க்க, கடைசியில் சரியான சொல்லுக்கு வந்து சேர்ந்துவிடும். கேட்கிற பெரியவர் 'சரியாத்தானே படிச்சான்' என்று விட்டுவிடுவார். ஆங்கிலத்தில் என்றால் அதே குழந்தை பிழை மேல் பிழை செய்து எல்லார் கண்ணிலும் பட்டிருக்கும்.

ஆஸ்திரியாவின் ஹைன்ஸ் விம்மர் 1993இல் ஜெர்மன் பேசும் குழந்தைகளிடம் இதைத் தெளிவாகக் காட்டினார்: வாசிப்புக் குறைபாடு உள்ளவர்கள் பெரும்பாலும் சரியாகவே படித்தார்கள், ஆனால் மிக மிக மெதுவாகப் படித்தார்கள். எழுத்து நேராக இருக்கும் மற்ற மொழிகளிலும் இதே கதைதான். இங்கே ஒரு எளிய சோதனை பயன்படும். ஒரு தாளில் வரிசையாகப் படங்களோ நிறங்களோ எழுத்துகளோ இருக்கும், அவற்றின் பெயரைக் குழந்தை முடிந்த வேகத்தில் சொல்லிக்கொண்டே போக வேண்டும். சரயேவோவில் போஸ்னியக் குழந்தைகளிடம் நடந்த ஆய்வுகளிலும் இந்தப் பெயர் சொல்லும் வேகம் வாசிப்பு வேகத்தோடு கைகோத்தே போனது.

மெதுவாக இருந்தால் என்ன குறைந்துவிடும் என்று கேட்பீர்கள். வாக்கியத்தின் கடைசிச் சொல்லுக்கு வரும்போது முதல் சொல் நினைவிலிருந்து நழுவியிருக்கும். மூளையின் முழுச் சக்தியும் எழுத்தைக் கூட்டுவதிலேயே தீர்ந்துபோனால் அர்த்தத்துக்கு எதுவும் மிஞ்சாது. அதனால் தோழியிடம் இதைச் சொல்லுங்கள்: பிழைகளை எண்ண வேண்டாம், மாதம் ஒரு முறை ஒரு நிமிடத்தில் எத்தனை சொல் படிக்கிறான் என்று குறித்து வைக்கட்டும். அந்த எண் மெல்ல ஏறிக்கொண்டே போனால் கவலை இல்லை. அசையாமல் நின்றால் கவனிக்க வேண்டும்.

ரெண்டு எழுத்துமுறையை ஒரே குழந்தைக்குச் சொல்லிக்கொடுத்தா குழம்பிடாதா?

கொஞ்சம் குழம்பும், ஆனால் பயப்படும் அளவுக்கு இல்லை. முதல் எழுத்துமுறை ஊறிய பிறகு அடுத்ததைத் தொடங்குவது இதற்காகத்தான். ஒலிகளைச் சேர்க்கும் வித்தையை இரண்டாவது தடவை கற்க வேண்டியதில்லை, புது வடிவங்களை மட்டும் பழைய ஒலிகளோடு இணைத்தால் போதும்.

சிக்கல் சில எழுத்துகளில்தான். பெரிய எழுத்துகளில் ஏழு வடிவங்கள் இரண்டிலும் ஒன்றே, ஒலியும் ஒன்றே, அவை நண்பர்கள். நான்கு வடிவங்கள் மட்டும் பார்க்க ஒன்று, ஒலி வேறு. லத்தீனில் 'ப' என்று படிக்கும் ஒரு வடிவம் சிரிலிக்கில் 'ர்', இன்னொன்று 'வ்'. லத்தீனின் 'ஹ' சிரிலிக்கில் 'ந்', லத்தீனில் 'ட்ஸ்' என்று ஒலிப்பது சிரிலிக்கில் 'ஸ்'. காற்றுக்குச் செர்பிய வழக்கில் 'வெதார்' என்று ஒரு சொல் (போஸ்னியத்தில் 'வ்யெதார்'). அதைச் சிரிலிக்கில் பெரிய எழுத்தில் எழுதினால் லத்தீன் கண்ணுக்கு 'பெதாப்' என்று தெரியும். லுகாதெலா, டர்வி, ஃபெல்ட்மன் ஆகியோர் இந்த மாதிரிச் சொற்களை வைத்துச் சோதித்தபோது, இரண்டு எழுத்தும் நன்கு தெரிந்த பெரியவர்களே இரட்டை வாசிப்புக்கு இடம் தரும் வடிவத்தில் தயங்கினார்கள், அதே சொல் லத்தீனில் வந்தால் சட்டென்று படித்தார்கள். வாசிக்கும்போது ஒலி தானாக எழுந்துவிடுகிறது என்பதற்கு இதைவிட அழகான சான்று எனக்குத் தெரிந்து இல்லை. பெரியவர்களுக்கே அப்படி என்றால், மூன்றாம் வகுப்புப் பிள்ளை கடைப் பலகையைப் பார்த்துத் தடுமாறினால் திட்டாதீர்கள்.

'எழுதியிருக்கிறபடி படி'ங்கிறது முழு உண்மையா? விதிவிலக்கே கிடையாதா?

கிட்டத்தட்ட உண்மை. விட்டுப்போனவற்றில் முக்கியமானது தொனியும் நெடிலும். போஸ்னியத்தில் உயிர் குறுகியும் நீண்டும் வரும், தொனி ஏறியும் இறங்கியும் வரும், ஆனால் எழுத்தில் எதுவும் தெரியாது. 'லுக்' என்று குறுக்கினால் வெங்காயம், 'லூக்' என்று நீட்டினால் வில் அல்லது வளைவு. 'க்ரத்' ஆலங்கட்டி, 'க்ராத்' நகரம். எழுத்தில் இரண்டும் ஒன்றே. நாம் 'க'வைப் பார்த்து இடத்துக்கு ஏற்ப ஒலிக்கிற மாதிரி, அவர்களும் வாக்கியத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். பேச்சில் அந்தச் சொல் ஏற்கனவே தெரிந்த குழந்தைக்கு இது தானாக வரும், தெரியாத குழந்தைக்கு வராது.

அப்புறம், மேலே சொன்ன இரட்டை வடிவ எழுத்துகளிலும் ஒரு சின்னக் கண்ணி இருக்கிறது. 'ஊசி போடுவது' என்பதற்கான 'இன்யெக்ட்சியா' என்ற சொல்லில் 'ன்'னும் 'ய்'யும் தனித்தனி ஒலிகள், ஆனால் லத்தீனில் அது 'ஞ' மாதிரியே தெரியும். சிரிலிக்கில் 'ஞ'வுக்குத் தனி வடிவம் இருப்பதால் அங்கே குழப்பமே இல்லை. குடியரசுத் தலைவர் என்பதற்கான 'ப்ரெத்ஸ்யெத்னிக்' போன்ற சில சொற்களில் எழுதும் எழுத்துக்கும் வாயில் வருவதற்கும் லேசான வேறுபாடு உண்டு. இவ்வளவுதான். ஆங்கிலத்தோடு ஒப்பிட்டால் இது ஒரு பொருட்டே இல்லை.

வாசிக்கிறது அவ்வளவு சுலபம்னா, எழுத்துப் பிழை ஏன் அவ்வளவு வருது?

ஏனென்றால் பாதை ஒரு திசையில் நேர், மறு திசையில் கொஞ்சம் வளைவு. எழுத்தைப் பார்த்தால் ஒலி நிச்சயம், ஒலியைக் கேட்டால் எழுத்து நிச்சயமில்லை. அழுத்தமான 'ச்'சுக்கு ஓர் எழுத்து, மென்மையான 'ச்'சுக்கு இன்னொன்று. போஸ்னியாவில் பலர் பேச்சில் இரண்டையும் ஒன்றாகவே ஒலிக்கிறார்கள். 'ஜ'வுக்கும் அப்படியே இரண்டு. காதில் இல்லாத வேறுபாட்டைக் குழந்தை கையால் எழுத வேண்டும். நமக்கு ல-ள, ர-ற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு 'குச்சா' என்று எழுதும்போது கொக்கியா சாய்கோடா என்ற சந்தேகம் பெரியவர்களுக்கே வரும்.

இன்னொன்று 'இயெ', 'யெ' சிக்கல். குழந்தைக்குத் 'தியெத்தே', குழந்தைகளுக்குத் 'த்யெட்சா'. பாலுக்கு 'ம்லியெகோ', பால்காரருக்கு 'ம்ல்யெகார்'. நீண்ட அசையில் ஒரு வடிவம், குறுகிய அசையில் இன்னொன்று, பேச்சிலோ நீண்டதும் ஒரே அசை மாதிரி வழுக்கிப்போகும். பிறகு 'ஹ'. 'லஹ்கோ' (எளிது), 'மெஹ்கோ' (மென்மை), 'கஹ்வா' (காபி) என்று 'ஹ'வோடு எழுதுவது போஸ்னியத்தின் அடையாளம், பக்கத்து வீட்டுப் பேச்சில் அது உதிர்ந்திருந்தால் சொல்வதெழுதலில் தப்பு வரும். இந்தப் பிழைகளைப் பார்த்துப் பிள்ளைக்கு வாசிப்புக் குறைபாடு என்று பயப்பட வேண்டாம். சொல்லை நிறையக் கண்ணால் பார்க்கப் பார்க்க இவை குறையும்.

ஏழு வேற்றுமையாமே, சொல்லோட வாலே மாறிக்கிட்டு இருந்தா குழந்தை எப்படிப் பிடிக்கும்?

வேற்றுமை உருபு நமக்குப் புதிதில்லையே. புத்தகம் 'க்ஞிகா', புத்தகத்தை 'க்ஞிகு', புத்தகத்தால் 'க்ஞிகொம்', புத்தகத்துக்கு 'க்ஞிஸி'. கடைசியில் வேர் எழுத்தே மாறியதைக் கவனியுங்கள். கைக்கு 'ருகா', அது 'ருட்சி' ஆகும். பேச்சில் மூன்று வயதிலேயே சரியாகச் சொல்லும் குழந்தை, தாளில் பார்க்கும்போது 'இது அதே புத்தகம்தான்' என்று அடையாளம் காணக் கொஞ்சம் நாள் ஆகும். மூன்றாம் நான்காம் வகுப்பில் வாசிப்பு வேகமெடுப்பதில், எழுத்தெழுத்தாகப் பார்ப்பதை விட்டு வேரையும் வாலையும் துண்டுகளாகப் பிடிப்பதற்குப் பெரிய பங்கு உண்டு.

இவ்வளவு நல்ல எழுத்துமுறை இருந்தும் பிசா தேர்வுல போஸ்னியா ஏன் அவ்வளவு கீழே இருக்கு?

பிசா என்பது பல நாடுகளின் 15 வயது மாணவர்களை ஒப்பிடும் தேர்வு. 2018இல் அதில் போஸ்னிய மாணவர்களின் வாசிப்பு மதிப்பெண் 403. பெரும்பாலும் வளர்ந்த நாடுகள் சேர்ந்த ஓ.இ.சி.டி. அமைப்பின் சராசரி 487. அடிப்படை நிலையான இரண்டாம் நிலையை எட்டியவர்கள் 46 சதவீதம்தான், சராசரியோ 77. சொற்களை உரக்கப் படிக்கத் தெரியாததால் வந்த மதிப்பெண் இல்லை இது. அந்த மாணவர்கள் எல்லாரும் ஏழெட்டு வயதிலேயே எழுத்தைத் தாண்டி வந்தவர்கள்.

இன்னும் ஒன்றைப் பாருங்கள். அதே ஆண்டு குரோவாசியா 479, செர்பியா 439, மொண்டினீக்ரோ 421. நான்கு நாட்டிலும் ஏறக்குறைய ஒரே பேச்சு, ஒரே எழுத்து நேர்மை, ஆனால் 76 புள்ளி இடைவெளி. ஆக எழுத்துக்கு இதில் பங்கே இல்லை என்று தைரியமாகச் சொல்லலாம். கஃப், டன்மர் என்ற இருவர் 1986இல் சொன்னது இங்கே பொருந்துகிறது: புரிதல் என்பது எழுத்தைக் கூட்டும் திறனும் மொழியறிவும் பெருக்கி வருவது. பெருக்கல், கூட்டல் இல்லை. ஒன்று முழுதாக இருந்தும் மற்றது வறண்டிருந்தால் விடை சிறியதுதான்.

மொழியறிவு எங்கே வறள்கிறது? முன்பள்ளிக்குப் போகும் குழந்தைகளின் பங்கு ஐரோப்பாவிலேயே மிகக் குறைவான நாடுகளில் போஸ்னியா ஒன்று. பாடத்திட்டம் சிதறிக் கிடப்பதை மேலே சொன்னேன். என் கருத்தைக் கேட்டால் மூன்றாவதாக ஒன்றையும் சேர்ப்பேன். எழுத்து சீக்கிரம் வந்துவிடுவதால் பெரியவர்கள் 'வாசிப்பு முடிந்தது' என்று நினைத்துவிடுகிறார்கள், கதை வாசித்துக் காட்டுவது ஏழு வயதிலேயே நின்றுபோகிறது, வகுப்பிலோ படித்ததைத் திரும்பச் சொல்வதோடு பாடம் முடிகிறது. ஏன் அப்படி நடந்தது, எழுதியவர் சொல்லாமல் விட்டது என்ன, இதோடு நீ உடன்படுகிறாயா என்று யாரும் கேட்பதில்லை. பிசா கேட்பது அதைத்தான்.

ஒரே கட்டடத்துல ரெண்டு பள்ளிக்கூடமாமே? அது வாசிப்பைப் பாதிக்குமா?

'ஒரே கூரையின் கீழ் இரண்டு பள்ளிகள்' என்பது கூட்டமைப்புப் பகுதியில் 1990களின் போருக்குப் பிறகு வந்த ஏற்பாடு. போஸ்னியாக் (போஸ்னிய முஸ்லிம்) பிள்ளைகளும் குரோவாசியப் பிள்ளைகளும் ஒரே கட்டடத்தில் தனித்தனிப் பாடத்திட்டத்தில், சில இடங்களில் தனித்தனி வாசல் வழியாகப் போய்ப் படிக்கிறார்கள். வாசிக்கும் திறன் இதனால் மாறாது. ஒருவர் ரொட்டிக்கு 'ஹ்ல்யெப்' என்றும் மற்றவர் 'க்ருஹ்' என்றும் படிப்பார், ஆயிரத்துக்கு ஒருவர் 'ஹில்யாதா', மற்றவர் 'திசுச்சா'. ஒருவர் புத்தகத்தை மற்றவர் எடுத்துச் சரளமாகவே படிக்கலாம். எனக்கு வருத்தம் தருவது அந்தப் புத்தகம் கைமாறாமல் இருப்பதுதான். ஒரே முயற்சியில் இரு மடங்கு கதைகள் கிடைக்கக்கூடிய குழந்தைகள் அவர்கள்.

நாங்கள் சுவிஸ்ல இருக்கிறம். மகளோட வகுப்பில படிக்கிற போஸ்னியப் பிள்ளை கொஞ்ச நாளில தன்ர மொழியை வாசிக்கத் தொடங்கிட்டுது. எங்கட பிள்ளைக்குத் தமிழ் வாசிக்க ஏன் இவ்வளவு காலம் எடுக்குது?

உங்கள் பிள்ளை பின்தங்கவில்லை, இரண்டு பேரும் ஏறுவது வேறு வேறு படி. சுவிஸ் தாய்மொழி வகுப்புகளில் தமிழும் உண்டு, போஸ்னியமும் உண்டு, ஆனால் ஜெர்மன் வாசிக்கத் தெரிந்த போஸ்னியப் பிள்ளைக்கு முக்கால்வாசி எழுத்து ஏற்கனவே தெரியும். உங்கள் மகள் வடிவம், உயிர்மெய், எல்லாவற்றையும் அடியிலிருந்து கற்கிறாள்.

அந்தப் பிள்ளைக்கும் ஒரு தொல்லை உண்டு. முன்பு சொன்ன சிரிலிக் சிக்கல் மாதிரி, பழகிய வடிவம் வேறு ஒலியைக் கேட்கும். ஜெர்மனில் 'ட்ஸ்' என்று படித்த எழுத்து போஸ்னியத்தில் வேறு, ஜெர்மனில் 'ஃப்' என்று பெரும்பாலும் படித்தது இங்கே 'வ்'. அதைவிடப் பெரிய விஷயம், அது உரக்கப் படிக்கும் சொற்களில் எத்தனை அதற்குப் புரிகின்றன என்பது. வீட்டில் சாப்பாடு, தூக்கம், வீட்டுவேலை இவற்றைச் சுற்றியே போஸ்னியம் பேசும் பிள்ளை, கதையில் வரும் காட்டையும் ஆற்றங்கரையையும் ஒலிக்கும், ஆனால் கண்ணில் காணாது. அது உங்கள் வீட்டுக்கும் பொருந்தும், அதனால் வாசிப்பு தாமதமானாலும் தமிழில் கதை சொல்வதை நிறுத்தாதீர்கள்.

வீட்டுல விளையாட்டா ஏதாவது செய்ய முடியுமா?

அங்கே இதற்கென்றே பழைய விளையாட்டுகள் இருக்கின்றன. 'கலதோந்த்' என்று ஒன்று. ஒருவர் சொல் சொன்னால், அதன் கடைசி இரண்டு எழுத்தில் தொடங்கும் சொல்லை அடுத்தவர் சொல்ல வேண்டும். யாராவது 'கா'வில் முடிந்தால் 'கலதோந்த்' என்று கத்தி ஆட்டத்தை முடித்துவிடலாம், ஏனென்றால் 'ந்த்' என்று தொடங்கும் சொல் கிடையாது. அது உண்மையில் ஒரு பற்பசையின் பெயர். 'நா ஸ்லோவோ, நா ஸ்லோவோ' என்பதில் ஓர் எழுத்தைச் சொல்லி அதில் தொடங்கும் பொருளைக் கண்டுபிடிக்கவைப்பார்கள். யார் பிடிப்பது என்று முடிவு செய்யும் எண்ணிக்கைப் பாட்டுகளும் அசையைக் காதில் ஏற்றும். பயிற்சித் தாளைவிட இவை எனக்குப் பிடிக்கும், காரில் போகும்போதுகூட ஆடலாம்.

வேகத்துக்கு: ஒரே சிறு பத்தியை நான்கைந்து நாள் திரும்பப் படிப்பது, பெரியவர் ஒரு வரி படிக்க அதே தொனியில் பிள்ளை அந்த வரியைப் படிப்பது. புரிதலுக்கு: பிள்ளை தானே படிக்கக்கூடியதைவிடக் கொஞ்சம் கடினமான கதையை நீங்கள் வாசித்துக் காட்டுவது, பத்து வயதானாலும்.

மூணாம் வகுப்பு முடியப்போகுது, இன்னும் விரல் வைச்சு எழுத்தெழுத்தாத்தான் படிக்கிறா. 'தானா வந்துடும்'னு டீச்சர் சொல்றாங்க. காத்திருக்கலாமா?

வேண்டாம். ஆங்கிலத்தில் என்றால் அந்த வயதில் இன்னும் பொறுக்கலாம் என்று யாராவது சொல்லக்கூடும், போஸ்னியத்தில் மூன்று ஆண்டு என்பது நீண்ட காலம். முதலில் கண்ணையும் காதையும் பரிசோதித்துவிடுங்கள். பிறகு 'லோகோபெத்' என்று அங்கே அழைக்கப்படும் பேச்சு-மொழிப் பயிற்சியாளரைப் பாருங்கள், வாசிப்புச் சிரமங்களையும் அவர்கள்தான் பார்ப்பார்கள். போகும்போது நான் மேலே சொன்ன ஒரு நிமிடக் குறிப்பை, இரண்டு மூன்று மாதத்துக்காவது, கையில் எடுத்துக்கொண்டு போங்கள். சிரிலிக்கும் அதே ஆண்டு தொடங்கியிருந்தால் அதை ஆசிரியையிடம் சொல்லி, கொஞ்ச நாள் ஒரே எழுத்துமுறையில் நிற்க முடியுமா என்று கேளுங்கள். அவள் தப்பில்லாமல் படிக்கிறாள் என்று யாராவது சொன்னால், எவ்வளவு நேரத்தில் என்று கேளுங்கள்.